எஞ்சினுக்கு மஞ்சத்தண்ணி

தாளவாடிக்குங்களா? அட, பஸ்ஸு இப்பத்தானுங்க போச்சு. உங்க மூஞ்சி மேலயே தூசியக் கெளப்பிட்டுப் போச்சே, அதேதான். அடுத்தது எப்ப வருமோ, வந்தாலும் நிக்க எடம் இருக்குமோ இருக்காதோ. நம்ம வண்டியில வாங்க. நானும் தாளவாடிக்குத்தான் போறேன். காசெல்லாம் வேண்டாங்க. பொட்டிய ஏன் கையில புடிச்சுக்கிட்டே நிக்கறீங்க, இப்பிடி புளியமரத்து நெழல்ல வையுங்க. கொரங்குக இருக்குது, பாத்துக்கோங்க.

பானட்டு தொறந்து கெடக்குதேன்னு பாக்கறீங்களா? அது ஒண்ணுமில்லீங்க. சத்தியமங்கலத்துல இருந்து வந்தமில்லீங்களா, கொஞ்சம் காத்தாடட்டும்னு தொறந்து வெச்சேன். பொகையில்லீங்க அது. ஆவி. அடுப்புல ஒல வெச்சா ஆவி வராதுங்களா, அந்த மாதிரி. நம்பிக்கையில்லீன்னா உள்ள தலைய உட்டு முள்ளப் பாருங்க. ஸ்டேரிங்குக்குப் பின்னாடி, சூட்டு முள்ளு. பாத்தீங்களா? கீழதான கெடக்குது? வண்டி சூடாயிருந்தா அது மேல போயி நிக்கும். ஒரு நூல் அசையலயே. அப்பறம் எதுக்கு பயப்படறீங்க?

சார் மேல என்ன சோலியாப் போறீங்க? வாத்தியாருங்களா! பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வர்றீங்களா? அடடா. பண்ணாரி ஆத்தா பாத்துத்தான் உங்கள எங்கிட்ட அனுப்பியிருக்கறா. வெளையாட்டுக்குச் சொல்லலீங்க, காரணமாத்தான் சொல்றேன். வாத்தியார் வாயில இருந்து ஒரு வார்த்த வந்துச்சுன்னா எங்கூட்டுக்காரி நம்புவா. நாஞ்சொன்னா நம்பமாட்டா.

கோயிலுக்குள்ள போயிருக்கறாங்க. கோகிலாவும் பாப்பாவும். 'நீங்க போயிக் கும்புட்டுட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்'னு தாட்டி உட்டுட்டு நிக்கறனுங்க. அவ வர்றதுக்குள்ள ரேடியேட்டரு மூடியத் தொறந்து இந்தக் கேன் தண்ணிய ஊத்தி, மூடியப் போட்டு, பானட்டச் சாத்திரணும். மூடியில இன்னும் கை வெக்க முடியல. ஆறட்டும். ஆடியில அண்ணனூட்டுக்குப் போனவ சார் அவ. இப்ப ஐப்பசி. இன்னைக்குத்தான் வர்றேன்னு கெளம்புனா. தீவாளிக்குப் பாப்பா எங்கூட்டுல இருக்கோணும். வாசல்ல அது கம்பி மத்தாப்பு சுத்தறத நான் பாக்கோணும். அதத் தவுத்து எனக்கு ஒண்ணும் வேண்டாங்க.

சண்டையா? சண்டையெல்லாம் இல்லீங்க. எனக்கும் அவளுக்கும் ஒரு வருத்தமும் கெடையாது. அவங்கண்ணன் ஒருத்தரு இருக்கறாரே மாதேசு, சத்தியில பட்டற வெச்சிருக்கற மெக்கானிக்கு, எல்லாம் அந்த மச்சான் பண்ணுன வேல.

சொல்றேன், கேளுங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க.

சித்தரையில இந்த வண்டி ரேடியேட்டரு ஒழுக ஆரம்பிச்சுது. ஊசிமொன அளவுதான் ஓட்ட. வண்டி நிக்கற எடமெல்லாம் சொட்டுச் சொட்டா ஈரம். எங்க பக்கம் டிரைவருக எல்லாருக்கும் தெரியுமுங்க, ரேடியேட்டரு ஒழுகுனா மஞ்சத்தூளு போடறது. தண்ணியில கலந்து ஊத்துனா அது போயி ஓட்டையில குந்திக்கும். அவசரத்துக்குப் பண்ணுவாங்க, அப்பறம் பட்டறைக்குப் போவாங்க. நான் போட்டது நம்ம காட்டு மஞ்ச சார். நானே வெதச்சு, நானே வேவிச்சு, காயப்போட்டு அரச்சது. கடையில விக்கற கலப்படம் கெடையாது. ரெண்டு கை அள்ளிப் போட்டேன். டக்குனு நின்னுருச்சு. அப்பறம் பட்டறைக்கு எதுக்குப் போகோணும்?

ரெண்டு கைக்கே அப்பிடின்னா, நிறுத்தாமப் போட்டுக்கிட்டே இருந்தா எப்பிடி இருக்கும்? அமாவாசைக்கு அமாவாச வண்டிக்குப் பூச போடறமில்லீங்களா. எலுமிச்சம்பழம் வெக்கறோம், பூ போடறோம். அதோட ரேடியேட்டருக்கு ஒரு கை மஞ்சளும் போட்டேன். ஆத்தாளுக்கே மஞ்சத்தண்ணிதானுங்க ஊத்தறோம்? எதுக்கு ஊத்தறோம்? குளுரட்டும்னுதான? அம்ம போட்டவங்களுக்கு மஞ்சளும் வேப்பலையும் எதுக்கு? சூடு எறங்கத்தான? ஆத்தா சூடே எறங்குதுன்னா இந்த எஞ்சின் சூடு எம்மாத்திரம்? நீங்க படிச்சவங்க, இதுல என்ன தப்பு இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்.

சீட்டுல கோகிலா உட்டுட்டுப் போன போன் அடிக்குதுங்களா? அடிக்கட்டும் உடுங்க. யாருன்னு எனக்குத் தெரியும்.

வைகாசியில மலை ஏறயில வண்டி சூடாச்சு. வெயிலுக்குன்னு நெனச்சேன். கோகிலாதான் கேக்கல, 'அண்ணன்கிட்டக் காட்டுங்க, அண்ணன்கிட்டக் காட்டுங்க'ன்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு கொண்டுபோயி உட்டேன். மச்சான் எப்பிடிப் பாப்பாருன்னா, மேல இருக்கற ரப்பர் ஓசு மேல ஒரு கை, கீழ இருக்கற ஓசு மேல ஒரு கை வெச்சுக்குவாரு. வெச்சுட்டுக் கண்ண மூடிக்கிட்டு நிப்பாரு. நாடி பாக்கறாராமா. 'மாப்ள, மேல கொதிக்குது, கீழ சில்லுன்னு இருக்குது. தண்ணி எறங்கல. நடுவுல என்னமோ அடச்சிருக்குது'ன்னாரு. அடியில இருக்கற திருகக் கழட்டுனாரு.

மஞ்சளா வந்துச்சுங்க. தண்ணியா வரல, கொழகொழன்னு, அடிச்சட்டிச் சாம்பாராட்டம் வந்துச்சு.

அந்தாளு அதப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. அப்பறம் பட்டறையில இருந்த அத்தன பேரையும் கூப்புட்டாரு சார். 'டேய், எல்லாரும் வாங்கடா! எங்க மாப்ள எஞ்சினுக்கு மஞ்சநீராட்டு விழா நடத்தியிருக்காரு! தாய்மாமன் நாந்தான சீரு வெக்கோணும், தட்ட எடுத்துட்டு வாங்கடா!'ன்னாரு.

சிரிச்சாங்க. லாரிக்காரங்க சிரிச்சாங்க, டீ கொண்டாந்தவன் சிரிச்சான், காத்தடிக்க வந்த போலீஸ்காரரு சிரிச்சாரு. எங்க பங்காளி ஒருத்தன் அங்க நின்னிருக்கறான், அவன் கீழ உக்காந்து சிரிச்சான். அவன் நாக்கு சும்மா இருக்குமா? நான் தாளவாடி போயிச் சேர்றதுக்குள்ள சேதி போயிருச்சு. பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்துனா, 'சென்னியப்பா, வண்டி எப்ப பெரிய மனுசியாச்சு? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லயே'ங்கறானுக. பூக்காரி சார், பூ கட்டறவ, அவ என்னக் கேக்கறா, 'சடங்கான புள்ளைய இப்பிடி வெயில்ல நிறுத்தலாமாண்ணா'ன்னு.

உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா? வந்தாச் சிரிங்க. பரவால்ல.

நான் பதினாறு வயசுல ஸ்டேரிங் புடிச்சவனுங்க. இந்த மலையில நான் பாக்காத வளைவு இல்ல. என்ன ஒரு நாள்ல சிரிப்பாச் சிரிக்க வெச்சுட்டாரு. 'புது ரேடியேட்டரு போட்டுத் தர்றேன் உட்டுட்டுப் போங்க, நாஞ் சும்மா லொள்ளுக்குச் சொன்னேன் மாப்ள, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு பொறகால ஓடி வந்தாரு. ஓடி வந்து என்ன பண்றது? அன்னைக்கு அங்கிருந்து வண்டிய எடுத்தவன் முடிவு பண்ணிட்டேன், இனி அந்தாளு கை எஞ்சின்ல படக்கூடாதுன்னு. பழையபடி ஒழுக ஆரம்பிச்சுது. நானும் பழையபடி மஞ்சளப் போட்டேன். முன்ன ஒரு கைன்னா இப்ப மூணு கை. வீம்புக்குன்னே வெச்சுக்கோங்க.

அதுக்கப்பறம் இந்த முள்ளு. முள்ளு மேல ஏறுனா கோகிலா மூஞ்சி சுருங்கிப்போயிரும். 'ஏனுங்க, ஏறுதுங்க. ஏனுங்க, நிறுத்துங்க'ன்னு. மெக்கானிக்கு தங்கச்சி, பட்டறையிலயே தூளி கட்டி வளந்தவ, அவளுக்கு எல்லாம் தெரியுமாம். ரோட்டப் பாக்கறதா, முள்ளப் பாக்கறதா, இவ மூஞ்சியப் பாக்கறதா? ஒரு நாள் அடியில கைய உட்டு அதோட ஒயர உருவி உட்டுட்டேன். அத்தோட முள்ளும் படுத்துக்கிச்சு, அவளும் வாயத் தொறக்கறதில்ல. ஊட்டுல நிம்மதி.

ஏஞ்சார், மறுபடியும் உள்ள எட்டிப் பாக்கறீங்க? அதேதான், அதே முள்ளுதான். ஒயரு இல்லீன்னா என்னங்க, எஞ்சின் ஓடறதுக்கு முள்ளா வேணும்? எங்கய்யன் காலத்து வண்டியில முள்ளே கெடையாது.

அப்பறந்தான் ஆடி. ஆடி வெள்ளிக்கு இதே கோயிலுக்குத்தான் வந்தோம். கும்புட்டுட்டு மேல ஏறுனோம். பாதி மலையில வண்டி இழுக்கல. மிதிச்சா மிதிச்ச எடத்துலயே நிக்குது. கருகற வாசன. பானட்டு சந்துல இருந்தெல்லாம் ஆவி. வளைவுல ஓரங்கட்டறாப்ல ஆயிப்போச்சு. உங்களுக்கு அந்த எடம் தெரியாது. ஒரு பக்கம் பள்ளம், எட்டிப் பாத்தா மரத்தோட உச்சிதான் தெரியும். இன்னொரு பக்கம் மூங்கில் காடு. வண்டிய நிறுத்துனதுமே காட்டுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. குருவி கூட கத்தல. அப்பறம் மூங்கில் முறியற சத்தம். பட்டு, பட்டுன்னு. கிட்டத்துல. யானைங்க.

ஆறற வரைக்கும் குந்தியிருக்க முடியுமா? அது கரும்பு லாரிய மறிச்சுப் பழகுன யான. மூடியத் தொறந்து தண்ணிய ஊத்தி எப்பிடியோ ஓட்டிரலாம்னு நெனச்சேன். கோகிலாவ எறங்கச் சொல்லித் துணியக் குடுத்தேன். 'நீ துணியப் போட்டு அமுக்கிப் புடி, நான் மூடியத் திருகறேன்'னேன். 'வேண்டாங்க, கொதிக்கயில தொறக்கக் கூடாதுன்னு அண்ணஞ் சொல்லியிருக்குதுங்க'ங்கறா. அந்தக் காட்டுல, யான நிக்கற எடத்துல, இவ அண்ணன் புராணம் பாடறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'புடின்னா புடி'ன்னேன். புடிச்சா.

அவ அந்தப் பக்கம் நின்னா. நான் இந்தப் பக்கம் நின்னேன். திருகுனேன்.

அது அவ பக்கமாப் பாஞ்சுருச்சுங்க. கையில, கழுத்துல, கொஞ்சம். ரொம்ப இல்ல, கொஞ்சந்தான். அவ நின்ன எடம் தப்பு சார். என் பக்கமா நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு ஆகலயே, பாருங்க, ஒரு தழும்பு இருக்குதா? எங்க நிக்கோணும், எங்க நிக்கக்கூடாதுன்னு ஒரு நெதானம் வேணும். அவளுக்கு அது இல்ல.

மஞ்சத்தண்ணி இல்லீங்களா, அவ மேலெல்லாம் மஞ்சள். கத்திக்கிட்டுக் குதிக்கறா. பாப்பா வண்டிக்குள்ள இருந்து கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. 'அப்பா, அம்மாவுக்குச் சாமி வந்துருச்சா?'ன்னு கேட்டுச்சு. சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும். கோயில்ல அப்பிடித்தான பாத்திருக்குது.

யான வரவே இல்லீங்க. மூங்கில ஒடிச்சுத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. தக்காளி லாரி ஒண்ணு வந்துச்சு, அதுல ஏத்திக் கீழ கொண்டாந்தோம். அதுக்கு முன்னாடி வெந்த எடத்துல நான் மஞ்சத்தூள அள்ளி அப்பியிருந்தேன், வண்டியிலதான் எப்பவும் டப்பா இருக்குமே. ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா அதக் கழுவறதுக்குள்ள என்னத் திட்டுன திட்டு இருக்குதே, சொந்த மாமியா கூட அப்பிடித் திட்டுனதில்ல. நல்லது பண்ணப் போயி நமக்குக் கெடைக்கறது இதுதாங்க.

மறுபடியும் அடிக்குதா? கெடக்கட்டும்.

மச்சாந்தான் போயி வண்டியக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாரு. என்னக் கேக்கல, அவரா பானட்டத் தொறந்து பாத்தாரு. எஞ்சின ஓட உட்டு ரேடியேட்டருக்குள்ள எட்டிப் பாத்தாரு. தண்ணியில கொமுளு கொமுளா வந்துச்சு. ஆயில் குச்சிய உருவிக் காட்டுனாரு. பால் ஊத்துன டீயாட்டம் இருந்துச்சு ஆயிலு. பொறத்தால கொழாயில வெள்ளப் பொக. 'ஹெட் கேஸ்கட் போச்சு மாப்ள. எஞ்சினுக்குள்ள நெருப்பையும் தண்ணியையும் பிரிச்சு வெக்கறது அந்த ஒரு தகடுதான். அது வெந்துபோச்சு. இனி நெருப்பு தண்ணிக்குள்ள வரும், தண்ணி ஆயிலுக்குள்ள போகும். இத வெச்சுட்டு மல ஏறுனா பாதியில நின்னுரும், இல்லீன்னா எஞ்சினே இறுகிக்கும். நிக்கற எடம் நாம கேக்கற எடமா இருக்காது. இதுல ஒரு நாயக் கூட ஏத்தாதீங்க'ன்னாரு.

அன்னைக்கு அந்தாளு சிரிக்கல சார். அதுதான் எனக்கு என்னமோ போல இருந்துச்சு. ஒரு லொள்ளு பேசியிருந்தா தேவலயா இருந்திருக்கும்.

கோகிலா அண்ணனூட்டுலயே இருந்துட்டா. நான் எத்தனையோ வாட்டி போயிக் கூப்புட்டேன். கையெடுத்துக் கும்புட்டேன்னே வெச்சுக்கோங்க. 'உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. வண்டியச் சரி பண்ணீட்டு வாங்க, அடுத்த நிமிசம் வர்றேன். பாப்பாவ அந்த வண்டியில ஏத்த எனக்குத் தைரியம் இல்ல'ன்னா. பஸ்ஸுல கூட்டிட்டுப் போலாமில்லன்னு கேக்கறீங்களா? வண்டி வெச்சிருக்கறவன் பொண்டாட்டிய பஸ்ஸுல கூட்டிட்டுப் போனா ஊருல என்ன பேசுவாங்க? பூக்காரி என்ன பேசுவா? 'வண்டி தூரமா'ன்னு கேப்பா.

சரி பண்ணாம இல்லீங்க. டிக்கியத் தொறந்து பாருங்க. அட்டப்பொட்டி ரெண்டு இருக்குதா? ஒண்ணு புது ரேடியேட்டரு, ஒண்ணு கேஸ்கட்டு. ஒரிஜினலு. கட்டுக் கூடப் பிரிக்கல. மாட்டோணும், அவ்வளவுதான். யாருகிட்ட மாட்டறது, அதுதான் சோலி. சத்தி, கோபி, பவானி, எங்க போனாலும் மெக்கானிக்கெல்லாம் அந்தாளுகிட்டத் தொழில் கத்தவனுக. தொறந்தா மஞ்சளு தெரியும். தெரிஞ்சாச் சிரிப்பானுக. இன்னொரு வாட்டி அந்தச் சிரிப்பக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல சார். கொஞ்ச நாள் போகட்டும், வெளியூருல எங்காச்சும் பாத்துக்கலாம்னு வெச்சிருக்கறேன்.

அதனால ஆடியில இருந்து சத்தியிலயே தெரிஞ்சவன் கொட்டாயில நின்ன வண்டிய எடுத்துக்கிட்டு, இன்னைக்கு மச்சான் இல்லாத நேரமாப் பாத்துப் போனேன். சாம்ராஜ்நகர் பக்கம் ஒரு லாரி நின்னுபோச்சுன்னு காலையில கெளம்பிட்டாருன்னு தெரிஞ்சுது. நேரா ஊட்டுக்குப் போயி, 'எல்லாம் புதுசு போட்டாச்சு கோகிலா, கெளம்பு'ன்னேன். பொய்யில்லீங்களே, போட்டாச்சுதான? டிக்கியில போட்டாச்சு. 'அண்ணன் பாத்துச்சுங்களா?'ன்னு கேட்டா. பாத்தாருன்னேன். பாத்தாருதான? ஆடியில பாத்தாரே.

அவளுக்கு அப்பிடி ஒரு சந்தோசம். பாப்பாவுக்குத் தல சீவி உட்டு, பொட்டு வெச்சு, அவளும் பச்சச் சீல கட்டிக்கிட்டு வந்தா. முழுக்கை ரவிக்க போட்டிருக்கறா, முன்னெல்லாம் போடமாட்டா. கழுத்து வரைக்கும் மூடி இருக்குது. இப்ப அதுதான் பேசன் போல.

சத்தியில இருந்து இங்க வரைக்கும் மேடே கெடையாது, சமரோடு. அதுக்கே கொஞ்சம் ஆவி வந்துருச்சு. கோயில்ல எறங்கிக் கும்புட்டுட்டுப் போலாம்னு நாந்தான் நிறுத்துனேன். ஆத்தாளத் தாண்டிக் கும்புடாம எந்த வண்டியும் மேல போறதில்லீங்களே. மேல போயிட்டா நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள மல உச்சியில இருக்கற திம்பம் தாண்டிட்டா பயமில்ல. அதுக்கப்பறம் செக்போஸ்ட்டுல கேட்டப் போட்டுருவாங்க, மேல நின்னுட்டா கேக்கறதுக்கு ஆளு இருக்காது. நீங்க முன்னாடி உக்காந்துக்கோங்க. பாப்பாவ மடியில வெச்சுக்கோங்க, அதுக்கு வளைவெல்லாம் எண்ணிட்டே வரப் புடிக்கும்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கோகிலா வந்ததும், 'எஞ்சினப் பாத்தேம்மா, புது ரேடியேட்டரு பளபளன்னு இருக்குது'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வாத்தியாரு சொன்னா நம்புவா. ஒரு குடும்பம் சேர்றதுக்கு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போகுது?

ஐயோ, வந்துட்டாங்க. அந்தக் கேன இப்பிடி மரத்துக்குப் பொறகால தள்ளுங்க. நான் பானட்டச் சாத்திக்கறேன். தண்ணி ஊத்தலயே. சரி, போற வழியில பாத்துக்கலாம். ஆத்தா இருக்கறா.

வா கோகிலா, கும்புட்டாச்சா? கூட்டமா? இவரு நம்ம ஊருக்குப் புதுசா வர்ற வாத்தியாரு. பஸ்ஸ உட்டுட்டாரு பாவம். நம்ம எஞ்சினப் பாத்துட்டு அசந்து போயிட்டாரு. சொல்லுங்க சார்.

பாப்பா, வாத்தியாருக்கு வணக்கம் சொல்லு. என்ன சாமி? எங்க? வண்டிக்கடியிலயா? அங்கெல்லாம் குனியாத, சூடு. என்னது, வண்டியும் மஞ்சத்தண்ணி ஊத்திக்கிச்சா? ஹ, கேட்டியா கோகிலா, வண்டியும் ஆத்தாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துதாம். வாத்தியாருகிட்டச் சொல்லு சாமி அத.

கோகிலா, நீ எதுக்குக் குனியற? அழுக்காயிரும், புதுச் சீல. அது... அது யாரோ வேண்டுதலக்காரங்க ஊத்தீட்டுப் போனது. கோயிலு வாசல்ல மஞ்சத்தண்ணி இல்லாம எங்க இருக்கும்? அதத் தொட்டு எதுக்கு மோந்து பாக்கற? ஆயிலு வாசமா? ரோட்டுல ஆயிலு இல்லாம இருக்குமா? நான் சொல்றத நம்பு. எல்லாம் புதுசு. டிக்கியில... இல்ல, டிக்கியத் தொறக்காத. கோகிலா.

அது பழைய அட்டப்பொட்டி. சும்மா வெச்சிருக்கறேன்.

போன எடுக்காத. அது யாரோ. கோகிலா, குடு இப்பிடி. ...சார், பாத்தீங்களா, எடுத்துட்டா. 'பண்ணாரியில இருக்கறேண்ணா'ங்கறா. 'இன்னும் ஏறல'ங்கறா. இந்நேரம் பாத்துத்தான் திரும்பி வந்திருக்கறாரு அந்தாளு. பாப்பாவ எதுக்குக் கைக்குள்ள இழுத்துக்கற? நான் என்ன புள்ளைய முழுங்கியா போடுவேன்?

சாருகிட்ட எதுக்குக் கேக்கற? கேளு, கேளு. சார் பாத்தாரு. சார், நீங்க சொல்லுங்க, புது ரேடியேட்டருதான? சார்? ஏன் இல்லீன்னு தலைய ஆட்டறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க. சார், உங்களக் கும்புடறேன்.

...

போயிட்டா பாருங்க. சத்தி பஸ்ஸுக்குக் கையக் காட்டி ஏறிட்டா. ஒரு வார்த்த கத்தல, ஒரு சொட்டு அழுகல. எங்கிட்டச் சண்ட போட்டிருந்தாலாச்சும் பரவால்ல. பாப்பா பாருங்க, ஜன்னல்ல கையாட்டுது. போயிட்டு வா சாமி. போயிட்டு வா. அப்பன் மத்தாப்பு வாங்கி வெச்சிருக்கறேன், சொன்னனில்ல? ...அதுக்குக் கேட்டிருக்காது. பஸ்ஸு சத்தம்.

அந்தப் புள்ள இல்லாம அந்த ஊட்டுக்குள்ள கால் வெக்கவே எனக்குப் புடிக்கறதில்ல. ராத்திரி அது படுக்கற பக்கம் கை போகும், அங்க ஒண்ணும் இருக்காது.

உங்களக் குத்தம் சொல்லல சார். நீங்க புதுசு, உங்களுக்கு எங்க குடும்பத்து வெவகாரம் தெரியாது. எல்லாம் அந்த மச்சாந்தான். ஒரு நாள் லொள்ளு பேசி ஒரு குடும்பத்தையே பிரிச்சுப்போட்டாரு பாருங்க. இந்த வண்டிய நான் இன்னைக்கு மேல ஏத்திக் காட்டறேன். திம்பத்து உச்சியில நிறுத்தி அங்கிருந்து அந்தாளுக்குப் போன் போடறேன். அப்ப என்ன சொல்றாருன்னு பாக்கறேன். அப்ப கோகிலாவும் வருவா, பாப்பாவும் வரும். நீங்கதான் சாட்சி. பொட்டியத் தூக்காதீங்க சார், பஸ்ஸெல்லாம் எதுக்கு? உங்களால போன ஆளுக்கு நீங்கதான பதில் சொல்லோணும்?

தண்ணி ஊத்தீட்டாக் கெளம்பிரலாம். அந்தக் கேன எடுங்க. மஞ்சளு கலக்கியே வெச்சிருக்கறேன். இந்தாங்க, துணிய நாலா மடிச்சு மூடி மேல அமுக்கிப் புடிங்க, நான் திருகறேன். இப்பிடி வாங்க. கோகிலா நின்னது அந்தப் பக்கம், அதனாலதான் அப்பிடி ஆச்சு. நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க, நான் அந்தப் பக்கம் போயிக்கறேன்.

ஏஞ்சார் கைய இழுத்துக்கறீங்க? ஆறிருச்சுங்க. நம்பிக்கையில்லீன்னா உள்ள எட்டி முள்ளப் பாருங்க. கீழதான கெடக்குது?